அந்தப் பேரில் யாரும் இல்லை

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. சோற்றுக் கூடையோடு வருகிறவரைப் பார்த்து யாராவது இலைக்கு மேல் கையை நீட்டி "போதும், போதும்" என்பார்கள். என் தலை தானாகத் திரும்பும். பக்கத்தில் இருக்கிற அத்தை மகள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஏனென்றால் அது என் பெயர். முழுசாக எழுதப் போவதில்லை. அந்தச் சொல்தான் அதில் பாதி, மீதியை யார் வேண்டுமானாலும் ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்று பெண்களுக்குப் பிறகு நானும் பெண்ணாகப் பிறந்தேன். எங்கள் வில்லியனூர்ப் பக்கம் அப்படிப் பிறந்தால் இப்படி ஒரு பெயர் வைப்பார்கள். சாமி காதில் விழட்டும், அடுத்ததாவது ஆணாகட்டும் என்று. எனக்குப் பிறகு தம்பி பிறந்தான். "பேரு பலிச்சிடுச்சிபா" என்று ஊரே அப்பாவிடம் சொன்னதாம். நல்ல பேர் என் பெயருக்குத்தான் கிடைத்தது, எனக்கில்லை. அம்மா மட்டும் அதைக் கொஞ்சம் இழுத்துக் கூப்பிடுவாள். அவள் வாயில் கேட்டால் அதற்கு வேறு அர்த்தம் இருப்பது போல் இருக்கும்.

அக்காள்களுக்குக் கல்யாணம் ஆனது. எனக்கு ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் வைத்திருந்த காலம் போய்விட்டது, இப்போது கேட்பவர்களும் இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டேன், அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், இருவரும் போனார்கள். சேதராப்பட்டில் ஒரு ஷாம்பு கம்பெனியில் வேலை. பாட்டிலுக்கு மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து, வீட்டில் ஊறுகாய் பாட்டிலைக்கூட ஒரு தடவை திருகிவிட்டுத்தான் வைப்பேன்.

பெயரை மாற்றியது அந்தக் கம்பெனியால்தான். ஒரு நாள் லைனில் பாட்டில்கள் மேலே மேலே ஏறி விழுந்துகொண்டிருந்தன. புதிதாக வந்த சூப்பர்வைசர், சின்னப் பையன், மெஷின் அருகில் நின்றவரைப் பார்த்து "போதும்! போதும்!" என்று கத்தினான். நான் என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, கையில் இருந்த ட்ரேயைக் கீழே போட்டுவிட்டு "இன்னா சார்?" என்று ஓடினேன். லைனே சிரித்தது. ஒரிசாவிலிருந்து வந்த பெண்களுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. தெரிந்தவள் ஒருத்தி விளக்கிச் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். சீ, இந்த வயசுக்கு மேல் ஒரு சொல்லுக்கு ஓடக்கூடாது.

புதுச்சேரியில் கோர்ட்டுப் பக்கம் டைப் அடிக்கிறவர் ஒருவர் பிரமாண வாக்குமூலம் தயார் செய்தார். "பேர் மாத்தறதுக்குக் காரணம் இன்னாம்மா போட?" என்றார். நான் யோசித்தேன். அவர் காத்திருந்தார். பிறகு அவரே, "எண் கணிதம்னு போட்டுடறேன். எல்லாரும் அதான் போடுவாங்க" என்று அடித்துவிட்டார். அப்பா வைத்த பெயர், அதற்குப் பின்னால் இருந்த கதை, எல்லாம் எண் கணிதமாகிப் போயிற்று. பேப்பரில் விளம்பரம் வந்தது. அரசிதழில் வந்தது. 'கெசட்' என்று எல்லாரும் சொல்லும் அந்தத் தாளை வாங்கி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன்.

புதுப் பெயர் ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு வகுப்பில் மூன்று பேருக்கு இருக்குமே, அந்த மாதிரி ஒரு பெயர். அது யாரையும் நிறுத்தச் சொல்லாது, சாமிக்கும் எந்தச் சேதியும் சொல்லாது. அதுதான் எனக்குப் பிடித்தது. ஆதாரில் மாற்றினேன், பான் கார்டில் மாற்றினேன், பேங்கில் மாற்றினேன், கம்பெனி அட்டையில் மாற்றினேன். ஒவ்வொரு இடத்திலும் கெசட்டின் நகலைக் கொடுத்துக் கொடுத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எனக்கு முகம் பழகிப்போனார்.

எல்லாம் மாறிய பிறகுதான் ஒன்று உறைத்தது. புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. கம்பெனியில் நான் அக்கா. தம்பி வீட்டில் அத்தை. பஸ்ஸில் "யம்மா, உள்ள போம்மா." அக்காள்கள் போனில் "ஏண்டி" என்று ஆரம்பிப்பதோடு சரி. பேங்கிலிருந்து குறுஞ்செய்தி வரும்போது மட்டும் மதிப்பிற்குரிய என்று போட்டு அந்தப் பெயர் இருக்கும். சில சமயம் அதை இரண்டு தடவை படிப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, ஆனால் படித்தேன்.

அப்படி இருக்கும்போது தம்பி மகனுக்குத் தையில் கல்யாணம் என்று பேச்சு வந்தது. தம்பி வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "யக்கா, புதுப் பொண்ணு வருது. பசங்களுக்கு ஒரு ரூமு வேணும் இல்லியா." அந்த வீட்டில் இருப்பது இரண்டே அறைகள். ஒன்றில் அவனும் மனைவியும். இன்னொன்று என்னுடையது. "நீ எங்கனா பக்கத்துலயே வாடகைக்குப் பாத்துக்கினா, சாப்பாடு நாங்க குடுத்தனுப்புவோம்" என்றான். அவன்மேல் கோபம் வந்தது, அவன் சொன்னதில் தப்பில்லை என்றும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் பேச்சு வராது. "சரிடா" என்றேன்.

என்னிடம் ஒரு மனை இருந்தது. அம்மா இருந்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச மனைப் பட்டா, ஊருக்கு வெளியே புதுக் காலனியில். அதில் ஓர் அறையும் ஒரு அடுப்படியும் எழுப்பிவிட்டால் போதும். அடடா, பாருங்கள், எழுதும்போதுகூட அந்தச் சொல் இல்லாமல் முடியவில்லை. தைக்குள் என் தலைக்கு மேல் என் கூரை இருக்க வேண்டும், யார் வீட்டுச் சாப்பாடும் தூக்குவாளியில் வரக்கூடாது. அதுதான் எனக்கு வேண்டியது. அதற்கு பேங்கில் கடன் கேட்டேன்.

பேங்கில் கடன் பார்க்கிறவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். கம்ப்யூட்டரில் என் புதுப் பெயரைப் போட்டார். நெற்றியைச் சுருக்கினார். "இந்தப் பேர்ல யாருமே இல்லன்னு காட்டுதும்மா."

"நான் எதிர்லதான சார் குந்தியிருக்கேன்?"

"நீங்க இருக்கீங்க. ஆனா கடன் வாங்கி ஒழுங்கா கட்டின சரித்திரம் இல்ல. நேத்து பொறந்த கொழந்த மாதிரி."

மகளிர் குழுவில் எத்தனை தடவை கடன் வாங்கி, ஒரு தவணைகூடத் தள்ளாமல் கட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். கெசட்டை எடுத்து நீட்டினேன். "அப்ப பழைய பேரையும் சேர்த்துப் போட்டுப் பாக்கறேன்" என்றார். போட்டார். குழுக் கடன்கள் எல்லாம் வரிசையாக வந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் ஒன்று சிவப்பாக நின்றது.

"மாட்டுக் கடன் ஒண்ணு கட்டாம வுட்டிருக்கீங்களே?"

"மாடா? எனக்கு ஏது சார் மாடு? எனக்கே எடமில்லாமத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். என் பழைய பெயர். அதே இனிஷியல். அதே பிறந்த தேதி. முகவரி மட்டும் பாகூர் பக்கத்தில் ஒரு ஊர். பிறந்த தேதியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் காலத்தில் பெற்றவர்களுக்குத் தேதி தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் ஒரு தேதியைப் பெரிய வாத்தியாரே போட்டுவிடுவார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். பாகூர் வாத்தியாருக்கும் அதே தேதிதான் தோன்றியிருக்கிறது. பாகூரிலும் ஒரு அப்பனுக்குப் பெண்கள் போதும் என்று தோன்றியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அது எங்கள் இருவரையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டது. என் நல்ல பேர் அவளுக்கும், அவள் கெட்ட பேர் எனக்கும் போயிருந்தது.

மாட்டுக்குக் கடன் கொடுத்த கம்பெனி, அது எனக்குக் கொடுத்ததல்ல என்று எழுதிக் கொடுத்தால் பிரித்துவிடலாம் என்றார் அவர். அந்த நிதிக் கம்பெனியின் கிளைக்குப் போனேன். அங்கே இருந்த ஆள் கெசட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். "கடன் நிலுவையில இருக்குது. நீங்க பேர மாத்திட்டு வந்து அது நான் இல்லங்கறீங்க. நாங்க இன்னான்னு நினைக்கறது?"

என் வாழ்க்கையில் யாரும் என்னைத் திருட்டுக்கழுதையைப் பார்ப்பது போல் பார்த்ததில்லை. காது இரண்டும் சூடாகிப்போயிற்று. "கடனுக்குப் பயந்து ஓடறவ கெசட்டுல போட்டுட்டா ஓடுவா?" என்று கத்திவிட்டேன். அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "அந்தம்மாவையும் கூட்டிக்கினு வாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நின்னீங்கன்னா, ரெண்டு பேர்னு எழுதித் தரோம்" என்றார்.

லீவு நாளில் பஸ் ஏறினேன். கரிக்கலாம்பாக்கத்தில் மாறி, பாகூர் தாண்டி அந்த ஊரில் இறங்கினேன். இரண்டு பக்கமும் கரும்பு. டீக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டேன். என் வாயால் அதை இன்னொருத்தியின் பெயராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைக்காரர் சிரிக்கவில்லை. "மாடு வெச்சிருந்தாங்களே, அவங்களா? நேரா போம்மா" என்றார்.

அவள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கறுப்பாக, வாட்டசாட்டமாக, முன் பல் ஒன்று இல்லாமல். நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே படுத்திருந்த அவள் கணவர் அந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பெயரைச் சொல்லி முறம் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பினேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நீ எத்தினியாவது?" என்று கேட்டாள்.

"நாலாவது."

"நான் ஆறாவது. உனுக்கு அப்பறம் தம்பி பொறந்தானா?"

"பொறந்தான்."

"குடுத்து வெச்ச அப்பன். எனுக்கு அப்பறமும் பொண்ணுதான். அதுக்கு நல்ல பேரா வெச்சிட்டாரு, சலிச்சிப் போயி." வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பெயருக்காக நான் சிரித்தது அதற்கு முன்னால் எப்போது என்று ஞாபகம் இல்லை.

மாடு வாங்கிய மறு மழைக்கே செத்துப்போனதாம். "மாடு செத்துடுச்சி, கடன் சாவலியே" என்றாள். பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "போன வருசம் ஒருத்தன் வந்தான். நீ நெறைய கடன ஒழுங்கா கட்டியிருக்கிறம்மா, இன்னும் கொஞ்சம் தரலாமான்னு பாக்கறேன்னான். நான் எங்கடா கட்டினேன்னு யோசிச்சி யோசிச்சி மண்ட காஞ்சிட்டேன். நீதானா அது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் பிரிந்தால் நான் தப்பிப்பேன். அவளுக்கு அந்தச் செத்த மாடு மட்டும் மிஞ்சும். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் அவள் வீட்டு டீயைக் குடித்துவிட்டு அது முடியவில்லை. சொன்னேன். "யக்கா, நீ வந்து நின்னா உனுக்கு நஷ்டம்தான். என் பக்கத்துல இருக்கற நல்லது எல்லாம் உன் கணக்குல இருந்து போயிடும்."

அவள் மறுபடியும் கீரையை எடுத்தாள். கீரைக் காம்பை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேறு வழி இல்லை, தம்பி வாசலில் மூட்டையோடு இறங்க வேண்டியதுதான். உள்ளே அவள் கணவர் இருமினார்.

"தையிலியா கல்யாணம்?" என்றாள்.

"ஆமாம்."

"அதுக்குள்ள வூடு எழும்பணுமே. வியாழக்கிழம எனக்கு வேல இல்ல. வரேன் போ."

அழுதுவிடுவேன் போலிருந்தது. அதை மறைக்க, அவளும் பெயரை மாற்றிக்கொள்ளலாம், நான் எல்லாம் செய்து தருகிறேன், எண் கணிதம் என்று போட்டால் ஆயிற்று என்று உளறினேன். அவள் தலையை ஆட்டினாள். "எனுக்கு இன்னாத்துக்கு? இந்தப் பேரச் சொல்லிக் கத்தறதுக்குத் தெரு முழுக்க ஆளு இருக்குது. மாத்தினா எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுக்கணும்." பிறகு கேட்டாள்: "உன்னப் புதுப் பேரு சொல்லி யாரு கூப்புடறாங்க?"

"பேங்க்ல" என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அந்த நேரம் கரும்புக் கொல்லைப் பக்கமிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், கடைசி எழுத்தை இழுத்து, அம்மா கூப்பிடுவது போலவே. நான் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை சொன்னபடி வந்தாள். நல்ல சேலை, தலையில் கனகாம்பரம். கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்திருந்தாள். நிதிக் கம்பெனியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து அந்த ஆள் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்தன. அவளும் எழுந்தாள். என் தோளில் கையை வைத்து மெதுவாக அழுத்தினாள்.

"நீ குந்து. என்னத்தான் கூப்புடறாங்க."

உட்கார்ந்தேன். அவள் உள்ளே போனாள். அந்தப் பெயரோடு அவள் கதவைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று பணம் கட்டி, பேப்பரில் போட்டு, கெசட்டில் போட்டு நான் தள்ளிய பெயர் அது. கொஞ்ச நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டார்கள், புதுப் பெயரைச் சொல்லி. அது என்னைத்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

எழுதிக் கொடுத்தார்கள். பேங்கில் அதைக் கடன் சரித்திரம் வைத்திருக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். பிரிகிற வரைக்கும் நாள்கள் இழுத்தன, நான் சேதராப்பட்டு பஸ்ஸில் தினமும் தம்பி மகன் கல்யாணத்தை விரலில் எண்ணிக்கொண்டு போனேன். கடைசியில் அந்தக் கடன் பார்ப்பவர் போன் செய்தார். "இப்ப நீங்க தனி ஆளும்மா" என்றார். நல்ல செய்தியாகத்தான் சொன்னார். கடன் கிடைத்தது. பட்டாவில் இருந்த பழைய பெயருக்காக மறுபடியும் கெசட் நகல் கேட்டார்கள், கொடுத்தேன்.

மார்கழி முடிவதற்குள் சுவரும் கூரையும் வந்துவிட்டன. தை பிறந்ததும் பால் காய்ச்ச ஒரு நாள் பார்த்தேன். தம்பிக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டும், வர முடியாது. அக்காள்கள் மூன்று பேரும், அதே மாதத்தில் இரண்டு தடவை வருவதற்கு வசதிப்படாது, கல்யாணத்துக்கு வரும்போது வீட்டைப் பார்க்கிறோம் என்றார்கள். கோபித்துக்கொள்ளவில்லை. அவரவருக்கு அவரவர் பாடு. பாகூர்காரிக்கும் போனில் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தேன். கூலி வேலையை விட்டு, இரண்டு பஸ் மாறி அவள் எங்கே வரப் போகிறாள் என்று ஒரு டம்ளர்கூடக் கூடுதலாக எடுத்து வைக்கவில்லை.

காலையில் புது அடுப்பில் பாலை வைத்தேன். பொங்கும்போது பக்கத்தில் நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்பார்கள். நான் மட்டும் நின்றேன். சுவரில் இன்னும் சிமெண்டு வாசனை. கூரை என்னுடையது, அடுப்பு என்னுடையது, கரண்ட் பில்லில் புதுப் பெயர். இத்தனையும் வேண்டும் என்றுதான் அலைந்தேன், கிடைத்தது. ஆனால் அந்த அறையில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. இனிமேல் தினமும் இவ்வளவு அமைதியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

அப்போது தெருவில் ஒரு குரல் கேட்டது. என் பழைய பெயரைச் சொல்லி, ஒவ்வொரு வீடாகப் பார்த்துக் கத்திக்கொண்டு யாரோ வந்தார்கள். எனக்கு அந்தக் குரல் தெரியும். என் புதுப் பெயரை அவள் மறந்திருக்க வேண்டும். தன் பெயரையே சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறாள், தெரு முழுக்க.

எதிர் வீட்டுப் பெண், நான் காலனிக்கு வந்ததிலிருந்து என் புதுப் பெயரை மட்டுமே அறிந்தவள், வெளியே வந்து அவளிடம் பதில் சொன்னது கேட்டது. "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லயேம்மா. வேற தெருவா இருக்கும், பாருங்க."

"அப்படியா?" என்றாள் அவள். செருப்புச் சத்தம் திரும்பியது.

பால் விளிம்புக்கு வந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். "யக்கா! போவாத! இங்கதான், இங்கதான்" என்று கத்தினேன். எதிர் வீட்டுப் பெண் என்னை வினோதமாகப் பார்த்தாள். பார்க்கட்டும், அவளுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"அது நான்தான். இருக்கேன்."